இர்யாவின் தோளும் முந்நூறு மேக்னமும்

சுப்பீரியர் ஏரியின் தென்கரைக் காடுகளில் வாழும் சகல மனிதர்களுக்கும், கூடவே மான்களுக்கும் தெரிவிக்கப்படுவது: பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இர்யா சல்மேலாவின் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவைப் போடுவது என்ற கேள்வி இனி அவருடைய சொந்த விஷயம் அல்ல. அது மனித குலத்தின் விஷயம். அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை பிறந்துவிட்ட ஒவ்வொரு ஆணுக்கும் உண்டு. பிறக்கப்போகிறவர்களும் சொல்லலாம். சொல்லக்கூடாதவர் ஒரே ஒருவர். அவர் பெயர் இர்யா சல்மேலா.

இப்படி யாரும் எழுதி ஒட்டவில்லைதான். ஒட்டியிருந்தால் இர்யா கிழித்தாவது போட்டிருப்பாள். எழுதாமலே அமலில் இருக்கும் சட்டத்தை எப்படிக் கிழிப்பது?

ஹெம்லாக் முகாம் என்பது காட்டுக்குள் ஒரு பலகை வீடு. உள்ளே ஒரு விறகடுப்பு, நாலு கட்டில். பின்னால் ஒரு சவுனா, நீராவிக் குளியல் அறை. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. திறந்து வைத்தாலும் வாத்தியார் இருக்க மாட்டார். முகாமின் உறுப்பினர்கள் நாலு பேர். இர்யா ஒருத்தி. அவள் புருஷன் லெஸ் இன்னொருவன். வருஷத்துக்கு இருபது வாக்கியம் பேசுகிறவன், அதிலும் பாதி நாயிடம். மூன்றாவது கார்டி ட்ரெவாரோ, கறியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி சுடுவதில் மன்னன், எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன். நாலாவது, லெஸ்ஸின் அண்ணன் ரெய்னோ சல்மேலா. பனி தள்ளும் வண்டிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மூவரையும் அவன், அவள் என்று சொல்லிவிடலாம். ரெய்னோவை மட்டும் அவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் என்றால் அவர் காதில் விழாது.

அடுப்புக்கு மேலே உள்ள சுவரில் துணித் துண்டுகள் ஆணியடித்துத் தொங்கும். கட்டம் போட்டது, சிவப்பு, சாம்பல், பூச்சி அரித்தது. மானைச் சுட்டுத் தவறவிட்டால் அன்று போட்டிருந்த சட்டையின் வாலை, அதாவது பின்பக்கக் கீழ்நுனியை, வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி அங்கே அறைவது வழக்கம். எல்லா முகாமிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஹெம்லாக் முகாமில் அதற்கு ஒரு வால் உண்டு. வாலுக்கு வால். தொடர்ந்து மூன்று வருஷம் சட்டை வாலை இழந்தவர், தான் உட்கார்ந்து சுடும் இடத்தையும் இழப்பார். அந்த இடம் ஓட்டுக்கு விடப்படும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் ரெய்னோ. கொண்டுவந்தது போன வருஷம். போன வருஷம் இர்யாவுக்குத் தொடர்ந்து இரண்டாவது வால் போயிருந்தது.

இர்யாவின் இடம் சேற்றுக்காட்டு ஓரத்தில், கேதர் மரங்கள் நெருங்கி நிற்கும் மூலையில், ஆள் மறைந்து உட்கார்ந்து சுடும் ஒரு பலகைப் பெட்டி. மரம் வெட்டிச் சுமந்து அவளே கட்டியது. காட்டில் எந்த மானும் மலையிலிருந்து இறங்கிச் சேற்றுக்குப் போகிற வழியில் அந்த மூலையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று ரெய்னோ ஒரு நாளும் சொன்னதில்லை. "முகாமோட நன்மைக்காகச் சொல்றேன்" என்றுதான் சொல்வார். அவர் சொல்லும் முகாமின் நன்மை எப்போதும் கேதர் மூலையில் போய்த்தான் முடியும்.

துப்பாக்கியின் கதை இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இர்யாவின் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய கனத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்காட்டில் நுழைய முடியவில்லை. லெஸ் அவளுக்கு ஒரு புதுத் துப்பாக்கி வாங்கித் தந்தான். குட்டைக் குழல், இறகு மாதிரி எடை, கேதர் கிளைகளில் மாட்டாமல் திருப்பலாம். மிகச் சரியான துப்பாக்கி. அது எந்தத் தோட்டாவுக்கானது என்பதை மட்டும் லெஸ் அண்ணனிடம் கேட்டுவிட்டான். வருஷத்து இருபது வாக்கியங்களில் ஒன்றை அதற்காக வீணடித்தான்.

ரெய்னோ முந்நூறு மேக்னம் என்றார்.

முந்நூறு மேக்னம் என்பது, அலாஸ்காவில் ஒரு மலையில் நின்று அடுத்த மலையில் நிற்கும் பெரிய கொம்பு மானை வீழ்த்துகிறவர்களுக்காகச் செய்த தோட்டா. சுண்டுவிரலை விட நீளம், உள்ளே ஒரு கை வெடிமருந்து. அதை நீளக் குழலும் தோளில் ஊன்றும் கனத்த கட்டையும் உள்ள துப்பாக்கியில் போட்டால் உதையைத் துப்பாக்கி வாங்கிக்கொள்ளும். இறகு மாதிரித் துப்பாக்கியில் போட்டால் யார் வாங்குவது? குழல் குட்டையானதால் மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்ச மருந்து வெளியே, இர்யாவின் மூக்குக்கு முன்னால், கிணற்று வாய் அளவுக்கு நெருப்பாக எரியும். முதல் தடவை சுட்டபோது அவள் தொப்பி பின்னால் பறந்தது. தோள், தையல் போட்ட இடத்தில், யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை சுடுவதற்கு முன்னாலேயே தோளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

முதல் வருஷம் மான் போயிற்று. சட்டை வால் போயிற்று. இரண்டாவது வருஷமும் அதே.

"நரம்பு" என்றார் ரெய்னோ, சட்டை வாலில் ஆணி அடித்துக்கொண்டே. "தோட்டாவுல ஒரு குறையும் இல்ல. அறுநூறு கஜத்துல கூட ஒரு காட்டெருமையைச் சாய்க்கிற சக்தி இருக்கு அதுல. ஆளுக்குத்தான் நரம்புல தைரியம் காணாது."

கேதர் மூலையில் அறுநூறு கஜம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பாதி மாவட்டத்துக் காட்டை வெட்ட வேண்டும். இர்யாவின் பெட்டியிலிருந்து மானை இழுக்க அவள் கொட்டி வைக்கும் காரட் குவியல் வரைக்கும் மூன்று பஸ் நீளம். அவள் ஓட்டுகிற மஞ்சள் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் மூன்றாவதின் மூக்கு காரட்டில் இடிக்கும். இதை அவள் சொல்லவும் செய்தாள். ரெய்னோ கனிவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இர்யாவுக்குக் குளிர்காலத்திலும் வியர்க்கும்.

இந்த வருஷம் வேட்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் சரளைப் பள்ளத்தில் குறி சரிபார்க்கப் போனார்கள். அட்டையில் வட்டம் வரைந்து மண்மேட்டில் சாத்தினான் கார்டி. இர்யா மேசையில் முழங்கையை ஊன்றினாள். சுட்டாள். நெருப்பு வந்தது. வட்டத்துக்கு வெளியே, அட்டைக்கும் வெளியே, மண்ணில் ஒரு குழி விழுந்தது.

"பாத்தியா" என்றார் ரெய்னோ கார்டியிடம். "கண்ணை மூடிக்கிச்சு."

"நான் இங்கதான் இருக்கேன், ரெய்னோ. என்கிட்டயே சொல்லலாம்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் அம்மணி. இந்த வருஷமும் தவறிச்சுன்னா மூணாவது வால். அப்புறம் நான் நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. விதி விதிதான்."

"விதியை எழுதினதே நீதான."

"எழுதினவன் யாருங்கறது முக்கியமில்ல. முகாமோட நன்மை முக்கியம்."

அடுத்த தோட்டாவை ஏற்ற இர்யா போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். தோள் வலியில் முழுக்க இழுக்கவில்லை. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழுந்தது, புதுத் தோட்டா உள்ளே ஏறவில்லை. அது அவளுக்கும் தெரியாது. மறுபடி கட்டையைத் தோளில் பொருத்தும்போது ரெய்னோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"குடு இங்க. எப்படிச் சுடறதுன்னு ஒரு தடவை பாத்துக்க. மேக்னத்துக்குப் பயப்படக் கூடாது. அதுக்குத் தெரிஞ்சுடும். குதிரை மாதிரி."

துப்பாக்கியைக் கையில் வாங்கினால் முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவர் அவர்தான். திறந்து பார்க்கவில்லை. உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "மூச்சைப் பாதி விடு. விரல் தானா அழுத்தணும். சுடப்போறோம்னு உடம்புக்கே தெரியக் கூடாது" என்று விளக்கினார். கார்டி தலையாட்டினான். நாய் கூடக் கவனித்தது.

விசையை அழுத்தினார்.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். ஆனால் ரெய்னோ மொத்தமாக ஆடினார். தோள் முன்னால் பாய்ந்தது. குழல் முனை ஒரு முழம் கீழே குத்தியது. இரண்டு கண்ணும், எலுமிச்சம்பழத்தைக் கடித்த குழந்தை மாதிரி, இறுக மூடிக்கொண்டன. வாயிலிருந்து மெலிதாக "ஹம்" என்று ஒரு சத்தமும் வந்தது. உள்ளே இல்லாத தோட்டாவுக்கு இவ்வளவு மரியாதை அந்தப் பள்ளத்தில் இதுவரை யாரும் செய்ததில்லை.

லெஸ் நாயைப் பார்த்தான். நாய் ரெய்னோவைப் பார்த்தது.

"உன் பயமும் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு போல" என்றாள் இர்யா. "குதிரைக்கு."

"துப்பாக்கியில ஏதோ கோளாறு" என்றார் ரெய்னோ எழுந்துகொண்டே. "விசை ஒட்டுது."

"கண்ணு ஒட்டிச்சு."

"காத்துல தூசி."

"சட்டை வாலை வெட்டலாமா?"

கார்டி இரண்டு பக்கமும் தலையாட்டினான். தோட்டா வெடிக்கவே இல்லை என்பதால் தவறியது என்று சொல்ல முடியாது என்றான். அதே சமயம் பட்டது என்றும் சொல்ல முடியாது என்றான். தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது. ரெய்னோவின் சட்டை வால் கால்சட்டைக்குள் பத்திரமாக இருந்தது, எப்போதும் போல.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இர்யாவுக்குக் கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம். இரண்டு சட்டை. இரண்டு வருஷமாக ஊரில் பெட்ரோல் போடப் போனாலும் "நரம்பு எப்படி இருக்கு இர்யா?" என்று கேட்கிறார்கள். அவளும் ராத்திரியில் தன் கையை நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்திருக்கிறாள். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பனிக்கட்டிச் சாலையில் பஸ் ஓட்டுகிற கை. அதைச் சந்தேகப்பட வைத்துவிட்டாரே அந்த மனுஷன், தன் கண்ணையே திறந்து வைத்திருக்கத் தெரியாதவர்.

"நாளைக்கு இதைக் குடுத்துட்டு வேற வாங்கப் போறேன்" என்றாள்.

லெஸ் சாலையைப் பார்த்தபடி, "சரி" என்றான். அந்த வருஷத்தில் அவன் சொன்ன மிக உருப்படியான வார்த்தை.

பெர்னி லகோம்பின் கடை ஊர் நடுவில் இருந்தது. தூண்டில், பனிச் செருப்பு, தோட்டா, டோனட் எல்லாம் ஒரே கூரையில். வேட்டை வாரத்தில் தோட்டா வாங்க வருகிறவர்களைவிட, தோட்டாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அதிகம். காப்பிப் பானையைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், எப்படி மோப்பம் பிடித்தாரோ, ரெய்னோ.

"வா அம்மணி" என்றார், கடை அவருடையது மாதிரி. "உன் விஷயத்தைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

"என் விஷயத்தை நான் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"நேரத்தை வீணாக்க வேண்டாம்னுதான்."

இர்யா மேக்னத்தைக் கவுன்டரில் வைத்தாள். பெர்னி அதைத் திறந்து, காலியா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டாள். அறுபது வயசு, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்க, இந்தப் பெருமூச்சை வருஷா வருஷம் விட்டுப் பழகியவள்.

"இதே மாதிரி லேசானது, குட்டையானது வேணும் பெர்னி. தோட்டா மட்டும் வேற. என் தோள் தாங்கற மாதிரி."

அவ்வளவுதான் சொன்னாள். காப்பிப் பானைப் பக்கம் அணை உடைந்தது.

"முப்பது நாட் ஆறு" என்றார் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவர். "என் அப்பா அதுலதான் சுட்டார். அவரோட அப்பாவும் அதுலதான். ரெண்டு போர்ல ஜெயிச்ச தோட்டா."

"மான் சரணடையவா போகுது?" என்றான் தாடி வைத்த இளைஞன். "ஆறரை வாங்குங்க. காத்து எவ்வளவு அடிச்சாலும் நேராப் போகும். ஆயிரம் கஜத்துல நான் இரும்புத் தட்டை அடிச்சிருக்கேன்."

"தட்டைத் தின்ன முடியுமாடா?"

"முந்நூத்தெட்டு போதும். ராணுவம் போதும்னு சொல்லிச்சு."

"குட்டைக் குழல்ல முந்நூத்தெட்டு வேகம் குறையும். பத்துப் பக்க அட்டவணை இருக்கு, காட்டட்டுமா?"

"வேகம் முக்கியமில்ல, எடை முக்கியம்."

"எடை முக்கியமில்ல, வடிவம் முக்கியம்."

ரெய்னோ கையை உயர்த்தினார். பனி வண்டிகளை நிறுத்திப் பழகிய கை. "நண்பர்களே. குறையைத் தோட்டாவுல தேடறோம், அதான் தப்பு. துப்பாக்கியைச் சின்னதாக்கலாம், தோட்டாவைச் சின்னதாக்கலாம். ஆளோட நரம்பைப் பெரிசாக்க முடியுமா? நான் என்ன சொல்றேன்னா, இர்யா மேக்னத்தையே வச்சுக்கட்டும். ஒரு வருஷம் ஓய்வெடுக்கட்டும். கேதர் மூலையை நான் பாத்துக்கறேன். முகாமோட நன்மைக்காக."

இர்யா பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகள் மிஞ்சிப் போகும்போது கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை இப்போது கண்ணாடி இல்லாமலே பார்த்தாள். ஆரஞ்சுத் தொப்பிக்காரர் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஒரு கேள்வி கேக்கறேன்" என்றாள். "இவ்வளவு நேரம் பேசினீங்க. எவ்வளவு தூரத்துல சுடப்போறேன்னு உங்கள்ல யாராவது கேட்டீங்களா?"

கேட்டிருக்கவில்லை.

"தோள்ல எங்க வெட்டினாங்கன்னு?"

அதுவும் இல்லை.

"இதுவரைக்கும் கட்டையை என் தோள்ல வச்சு நீளம் சரியா இருக்கான்னாவது?"

"அதெல்லாம் சின்ன விவரம்" என்றார் ரெய்னோ.

"சின்ன விவரந்தான். என் உடம்பு." திரும்பினாள். "பெர்னி, மூணு பஸ் நீளத்துல ஒரு மானைச் சுட எந்தத் தோட்டா வேணும்?"

பெர்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இவங்க சொன்ன எல்லாமே போதும். இவங்க சொல்லாததும் போதும். ஆனா இதைச் சத்தமாச் சொல்லாத. இவ்வளவு வகையையும் வித்துத்தான் நான் கூரை மாத்தினேன்."

"அப்ப எனக்கு உதைக்காத ஒண்ணு குடு."

"உள்ள வா."

இரண்டு பேரும் பின்னறைக்குப் போனார்கள். ரெய்னோவும் ஒரு அடி எடுத்து வைத்தார். கதவு அவர் மூக்குக்கு முன்னால் சாத்தப்பட்டது. உள்ளே சுவர் நெடுக, திருப்பிக் கொடுக்கப்பட்ட மேக்னம் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும், இரண்டு மூன்று தோட்டா மட்டும் குறைந்த ஒரு பெட்டி. எல்லாம் ஊரின் நரம்புள்ள ஆண்கள் சத்தமில்லாமல் கொண்டுவந்து விட்டுப் போனவை. இர்யா அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணினாள். சிரிப்பு வரவில்லை. இன்னும் கொதித்தது.

வெளியே வரும்போது கையில் நீளமான அட்டைப் பெட்டியும், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலமும் இருந்தன.

"என்ன தோட்டா?" என்றார்கள் நாலு பேர் ஒரே குரலில்.

"உதைக்காத தோட்டா."

"அம்மணி, இது விளையாட்டு இல்ல" என்றார் ரெய்னோ. "முகாமுக்குத் தெரியணும்."

"முகாமுக்குத் தெரிய வேண்டியது மான் விழுந்துதா இல்லையாங்கறது மட்டுந்தான்."

போகிற வழியில் சரளைப் பள்ளத்தில் வண்டியை நிறுத்தி, தனியாக, சுட்டுப் பார்த்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது. கண் திறந்தே இருந்தது. வட்டத்தின் நடுவில் ஓட்டைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. அட்டையை மடித்துச் சீட்டுக்கு அடியில் போட்டாள். யாருக்கும் காட்டவில்லை.

பதினாலாம் தேதி சாயங்காலம் சவுனா முடிந்து, முகம் சிவக்க, நாலு பேரும் பேஸ்டி சாப்பிட உட்கார்ந்தார்கள். பேஸ்டிக்கு மேல் கெட்சப்பா கிரேவியா என்ற வருடாந்திரச் சண்டை அன்று நடக்கவில்லை. இர்யாவின் துப்பாக்கி உறையோடு கட்டிலுக்கு அடியில் இருந்தது. ரெய்னோவின் பார்வை தட்டுக்கும் கட்டிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குத் தவறினா" என்று ஆரம்பித்தார், "மனசுல எதுவும் வச்சுக்கக் கூடாது. இந்தச் சுவரைப் பாரு. எல்லார் பேரும் இருக்கு. கார்டி பேரு நாலு இடத்துல."

"அஞ்சு" என்றான் கார்டி, வாயில் கிழங்கோடு.

"உன் பேரு இல்லையே" என்றாள் இர்யா.

"தவறினதில்லையே." ரெய்னோ அடக்கமாகத் தலையைக் குனிந்தார். அந்த அடக்கத்தில் பேஸ்டி ஆறிவிடும் போல இருந்தது.

இர்யா சுவரைப் பார்த்தாள். ஏதோ ஒன்று பிடிபட்டது. ரெய்னோவின் மேக்னம் ஒரு தடவை வெடித்தால் ஏரிக்கரை வரை கேட்கும். வேட்டைக்கு அவர் மேட்டில் உட்காருகிறவர், அவள் பள்ளத்தில். அத்தனை நவம்பரும் அவள் எவ்வளவோ சத்தம் கேட்டிருக்கிறாள். மரங்கொத்தி, அணில், கார்டியின் இருமல். மேட்டிலிருந்து...

அவள் வாயைத் திறப்பதற்குள் லெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"கடைசியா எப்ப சுட்ட, ரெய்னோ?"

அடுப்பில் விறகு ஒன்று புரண்டது.

"சரியான மான் வரலை" என்றார் ரெய்னோ. "கொம்பு சின்னது. காத்து சரியில்ல. வெளிச்சம் போதலை. பொறுப்பான வேட்டைக்காரன் கண்டதையும் சுட மாட்டான்."

"எத்தனை வருஷமா காத்து சரியில்ல?" என்றாள் இர்யா. "சுட்டாத்தான தவற முடியும். சட்டை கிழியாம இருக்கறதுக்கு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்க. என்னை நரம்பில்லாதவள்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, மேட்டு மேல உக்காந்து நீ என்ன பண்ற? சாண்ட்விச் சாப்பிடறியா?"

"மேக்னத்தோட ஒழுக்கம் உனக்குப் புரியாது."

"புரிஞ்சுது. டிக்னு கேட்டுது."

கார்டி இருமினான். அது சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாது. அவன் அதையும் இரண்டு பக்கமாகத்தான் செய்வான்.

விடிந்தபோது லேசாகப் பனி விழுந்திருந்தது. இர்யா பலகைப் பெட்டிக்குள், ஆரஞ்சுக் கோட்டுக்கு உள்ளே, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டினால் வெட்டட்டும், பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தால் தோற்க வந்த மாதிரி ஆகிவிடும். சேற்றுக்காட்டில் மூடுபனி. நீலப்பறவை ஒன்று காரட் குவியலில் வந்து உட்கார்ந்து கத்திவிட்டுப் போனது.

மான் மலைப்பக்கமிருந்து வந்தது. இடது கொம்பு வளைந்தது, கழுத்து தடித்தது. அவள் மனசில் நிறுத்தியிருந்த மூன்றாவது பஸ்ஸின் முதல் ஜன்னல் பக்கம் நின்று மூக்கைத் தூக்கியது. இர்யாவின் தோள் வழக்கப்படி உதையை எதிர்பார்த்து இறுகப் பார்த்தது. அவள் விடவில்லை. பிள்ளைகளை உட்காரச் சொல்கிற மாதிரித் தோளை உட்காரச் சொன்னாள். மான் இன்னும் இரண்டு அடி வைத்து, காரட்டுக்குக் குனிந்தது.

கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். மான் நின்ற இடத்திலேயே மடிந்தது. கால் ஒரு தடவை பனியை உதறியது, அவ்வளவுதான்.

இர்யா கீழே விழுந்த காலிக் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கை நடுங்கியது. சுட்டபிறகு நடுங்கினால் கணக்கில் வராது.

சத்தம் கேட்டு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ரெய்னோ மேட்டிலிருந்து ஓடியே வந்திருந்தார். அவர் துப்பாக்கி இந்த வருஷமும் குளிர்ந்தே இருந்தது. மானை முகாமுக்கு இழுத்து வந்து மரத்தில் தொங்கவிட்டதும், ரெய்னோ குனிந்து ஓட்டையைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் இன்னொரு ஓட்டையைப் பார்த்தார். விரலை விட்டு அளந்தார். மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து சூழ்ந்து நிற்கிற மாதிரி ஒரு தோரணை.

"நின்ன இடத்துலயே விழுந்துச்சு" என்றார் நிதானமாக. "ஒரு அடி நகரலை. ரெண்டு நுரையீரலும் காலி. இந்த வேலையைச் செய்யற தோட்டா ஒண்ணுதான் இருக்கு. அம்மணி கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டா. முந்நூறு மேக்னம். வேற துப்பாக்கியில, அவ்வளவுதான்."

"முப்பது நாட் ஆறா இருக்கலாம்" என்றான் கார்டி. "இல்லாமலும் இருக்கலாம்."

"மேக்னம்டா. என் கண்ணுக்குத் தெரியாதா?"

"உன் கண்ணு" என்றாள் இர்யா, "மூடித்தான இருக்கும்."

பையிலிருந்து காலிக் கூட்டை எடுத்து, வெட்டுக்கட்டை மேல் நிறுத்தினாள். சின்னக் கூடு. கழுத்து ஒடுங்கி, பென்சில் முனை மாதிரி. இருநூற்று நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கியோடு வாங்கித் தருகிற தோட்டா. கட்டிலுக்கு அடியில் உறைக்குள் இருந்ததும், கட்டை குட்டையாகச் செய்த பிள்ளைகள் துப்பாக்கிதான். லெஸ் அந்தக் கூட்டை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தான். மறுபடி அதே இடத்தில், ரொம்ப மரியாதையாக, நிறுத்தினான்.

ரெய்னோ வாயைத் திறந்தார். மூடினார். ஒரு மனிதர் இத்தனை வருஷப் பேச்சை முழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இர்யா பார்த்தாள். ஆனால் அவள் எதிர்பார்த்த நேரம் கூட அது நீடிக்கவில்லை. கார்டி காப்பி ஊற்றி முடிப்பதற்குள் ரெய்னோவின் முகத்துக்கு ரத்தம் திரும்பிவிட்டது.

"அதாவது" என்றார். "குட்டைக் குழலுக்குச் சின்னத் தோட்டாதான் பொருத்தம். மருந்து குழலுக்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சுடும். உதை குறையும், கண்ணு திறந்திருக்கும், குறி தப்பாது. இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?" என்றாள் இர்யா.

"பொதுவா."

"ரெண்டு சட்டையை வெட்டின கையாலயே சொல்ற."

"கத்துக்கறதுக்கு விலை உண்டு அம்மணி." காப்பியை உறிஞ்சினார். கேதர் மூலை முகாமின் நன்மை கருதி இர்யாவிடமே இருக்கும் என்று அறிவித்தார், தானே கொடுக்கிற மாதிரி. பிறகு நாளைக்குப் பெர்னி கடையில் காப்பிப் பானைக்குப் பக்கத்தில் நின்று சொல்வதற்கு விவரம் வேண்டியிருந்ததால், முன்னால் சாய்ந்தார். குரலில் ஒரு புது மரியாதை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தனை தோட்டா இருக்கறப்ப, வேகம், எடை, உதை எல்லாத்தையும் கணக்குப் போட்டு, சரியா இதுதான்னு எப்படி முடிவு பண்ண?"

இர்யா கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

"பெர்னி பின்னறையில லேசான குட்டைத் துப்பாக்கின்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."